வன்னியில் ஒரு ஐஎக்ஸ் நடத்தினால், ஐஎக்ஸ் நடத்துநர் சங்கத்தில் சேர்வது எப்படி?

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு கோப்பு அனுப்புகிறீர்கள். அனுப்புபவருக்கு ஒரு நிறுவனத்தின் லைன், பெறுபவருக்கு வேறொரு நிறுவனத்தின் லைன். இடையில் ஏ9 வீதியால் ஒன்றரை மணித்தியாலப் பயணம்தான். ஆனால் கோப்பு பெரும்பாலும் கொழும்புக்குப் போய்த்தான் திரும்பி வரும், அந்த இரண்டு நிறுவனங்களும் கைகோர்க்கும் இடம் அங்கேதான் இருக்கிறது என்பதால். அப்படிக் கைகோர்க்கும் இடத்தைத்தான் இணையப் பரிமாற்ற நிலையம், சுருக்கமாக ஐஎக்ஸ், என்கிறோம்.

வன்னியிலும் ஒரு ஐஎக்ஸ் வேண்டும் என்று நினைக்கும் இளம் பொறியியலாளர்களுக்காகவும், கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் படிக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஐஎக்ஸ் தொடங்குவது ஒரு வேலை. அதை நடத்துபவர்களின் சங்கத்தில் சேர்வது இன்னொரு வேலை. இரண்டாவதைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் குறைவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஐபி முகவரியும், ஒவ்வொரு சுயாதீன வலையமைப்பையும் அடையாளம் காட்டும் ஏஎஸ் இலக்கமும் தருவது ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏபிநிக். உங்கள் ரவுட்டரிலிருந்து கேபிள் போய் இணைவது ஐஎக்ஸ். ஐஎக்ஸ் நடத்துபவர்கள் ஒன்றுகூடி அனுபவத்தைப் பகிர்வது சங்கம். நீங்கள் இணைய சேவை மட்டும் வழங்குபவர் என்றால் உங்களுக்குத் தேவை ஐஎக்ஸில் கேபிளைச் செருகும் ஒரு போர்ட். சங்க உறுப்புரிமை அல்ல.

படி 1: எந்தச் சங்கம்?

ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏபிக்ஸ் இருக்கிறது, 2010 இல் உருவானது. ஐரோப்பாவின் யூரோ-ஐஎக்ஸ் அதைவிட மூத்தது, 2001 இல் தொடங்கியது. இலத்தீன் அமெரிக்கா, கரீபியன் பக்கத்துக்கு லாக்-ஐஎக்ஸ், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்-ஐஎக்ஸ். இவற்றுக்குப் பொதுவான கூட்டமைப்புதான் 2012 இல் அமைந்த ஐஎக்ஸ்-எஃப். இலங்கையிலிருந்து தொடங்குபவருக்கு ஏபிக்ஸ்தான் சரியான வாசல்.

படி 2: நீங்கள் உண்மையிலேயே ஐஎக்ஸ்தானா?

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ஐஎக்ஸ்-எஃப் வைத்திருக்கும் வரைவிலக்கணப்படி, இரண்டுக்கு மேற்பட்ட சுயாதீன வலையமைப்புகள் தங்களுக்குள் இணைய டிராஃபிக்கைப் பரிமாற வழி செய்யும் இடமே ஐஎக்ஸ். ஆகவே குறைந்தது மூன்று ஏஎஸ், அதாவது தனி ஏஎஸ் இலக்கமுள்ள மூன்று வலையமைப்புகள், வேண்டும். இரண்டு உறுப்பினர்களுக்கிடையே போகும் டிராஃபிக் மூன்றாவது ஏஎஸ் ஒன்றினூடாகப் போக வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாது. அந்த டிராஃபிக்கில் நிலையம் கைவைக்கவும் கூடாது.

எங்கள் ஊர் நிலவரத்தில் வைத்துப் பாருங்கள். அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் வவுனியாப் பல்கலைக்கழகமும் இணைந்தாலும், இரண்டும் இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஒரே ஏஎஸ்ஸின் கீழ் வந்தால் கணக்கில் ஒன்றுதான். அப்புறம் ஒரு கைபேசி நிறுவனம், ஓர் இணைய சேவை நிறுவனம் என்று குறைந்தது இன்னும் இருவரைக் கொண்டுவர வேண்டும். அவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் முழு வேலையிலும் கடினமான பகுதி. உறுப்பினர்களின் கேபிள்கள் வந்து சேரும் சுவிச்சை வாங்குவது அதோடு பார்த்தால் இலகு.

சம்மதிக்க வைக்கும்போது வேகத்தை முன்னால் வைக்காதீர்கள். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீற்றர் போக ஏறக்குறைய 5 மைக்ரோ செக்கன் எடுக்கும்; கொழும்பைச் சுற்றி வருவதால் கூடும் தாமதம் சில மில்லி செக்கன்தான். தெற்கே போகும் ஃபைபர் எங்காவது அறுந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். உள்ளூரில் ஐஎக்ஸ் இருந்தால் வைத்தியசாலையும் பாடசாலையும் பல்கலைக்கழகமும் தங்களுக்குள் தொடர்பில் இருக்கலாம். அதற்கு, இணையத்தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேர்வரும் தேவையான மற்ற சேர்வர்களும் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுவிச் உயிரோடு இருக்கும், இணையத்தளம் ஒன்றும் திறக்காது.

படி 3: சட்டமும் இலக்கமும்

சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வது ஒரு நிறுவனம். இலாப நோக்கமற்ற நிலையம் என்றால், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். கேபிள் ஒன்றைத் தொடுவதற்கு முன்பே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

பிறகு ஏபிநிக்கில் ஏஎஸ் இலக்கமும், ஐஎக்ஸுக்கென்று ஒதுக்கப்படும் முகவரித் தொகுதியும் கேளுங்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் கேளுங்கள். நிலையத்துக்குள் பயன்படுத்தும் அந்த முகவரித் தொகுதியை வெளி இணையத்துக்கு அறிவிக்காமல் இருப்பதே நல்லது.

படி 4: பார்ப்பவருக்குத் தெரியும்படி இருங்கள்

விண்ணப்பம் கிடைத்ததும் எவரும் முதலில், வலையமைப்புகளும் ஐஎக்ஸ்களும் தங்கள் விபரங்களைப் பதியும் பொதுத் தரவுத்தளமான பியரிங்டிபியில்தான் தேடுவார்கள். அங்கே பதிவது இலவசம். நிலையத்தின் பெயர், ஊர், முகவரித் தொகுதி, தொடர்பு மின்னஞ்சல் எல்லாவற்றையும் நிரப்புங்கள். யார் இணையலாம், போர்ட்டுக்கு என்ன கட்டணம் என்பதை உங்கள் இணையத்தளத்தில் வெளிப்படையாகப் போடுங்கள்.

அயர்லாந்தின் ஐனெக்ஸ் உருவாக்கிய ஐஎக்ஸ்பி மேனேஜர் என்ற திறந்த மூல மென்பொருளைத் தொடக்கத்திலேயே நிறுவும்படி உறுதியாகச் சொல்வேன். உறுப்பினர் பட்டியல், போர்ட் வரைபடம், ரவுட் சேர்வர் (ஓர் உறுப்பினரின் வழி அறிவிப்பை மற்றவர்களுக்குப் பகிரும் சேர்வர்) அமைப்பு எல்லாம் அதிலே ஒரே இடத்தில். ஐஎக்ஸ்-எஃப் ஏற்றுக்கொள்ளும் ஜேசன் என்ற தரவு வடிவில் உறுப்பினர் தரவையும் அதுவே வெளியிடும். ரவுட் சேர்வருக்குச் செக் நாட்டில் உருவான பேர்ட் என்ற மென்பொருள் நல்லது. தவறான வழி அறிவிப்புகளை வடிகட்ட, ஒரு முகவரியை அறிவிக்கும் உரிமை யாருக்கு என்பதைச் சான்றிதழால் காட்டும் ஆர்பிகேஐ சரிபார்ப்பை முதல் நாளே இயக்குங்கள்.

படி 5: கடிதம்

ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள். நிலையம் எங்கே, யார் நடத்துகிறார்கள், இணைந்திருக்கும் ஏஎஸ் இலக்கங்கள் எவை, சுவிச் எத்தனை, ரவுட் சேர்வர் உண்டா என்பவை போதும். டிராஃபிக் குறைவு என்றால் குறைவு என்றே எழுதுங்கள், அதில் வெட்கம் எதுவுமில்லை. சங்கத்திடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள், உங்களால் என்ன தர முடியும் என்று இரண்டு வரி சேருங்கள். கரண்ட் நின்று வரும் இடத்தில், வன்னி வெயிலில், சிறிய செலவில் ஒரு நிலையத்தை எப்படி ஓடவைக்கிறீர்கள் என்ற அனுபவம் மற்றச் சிறிய நிலையங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். கட்டண விபரத்தையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 6: நேரில் போங்கள்

ஏபிக்ஸ் கூட்டங்கள் ஏப்ரிகொட், ஏபிநிக் மாநாடுகளை ஒட்டி நடப்பவை. ஜப்பானின் ஜேபிஐஎக்ஸ் போன்ற பெரிய நிலையங்களும் நேபாளத்தின் என்பிஐஎக்ஸ் போன்றவையும் அங்கே ஒரே மேசையில் இருக்கும். எங்களுக்கு என்பிஐஎக்ஸ்காரரோடு பேசுவதுதான் கூடப் பலன் தரும். அவர்கள் கடந்த சிக்கல்கள்தான் எங்களுக்கும் வரும். பயணச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மாநாடுகளுக்கும் புலமைப்பரிசில் திட்டங்கள் உண்டு, விண்ணப்பம் மாதக்கணக்கில் முன்பே மூடிவிடும் என்பதால் திகதியைக் குறித்து வையுங்கள். அதற்கு முன் ஏபிநிக் அகடமியின் இலவசப் பாடங்களில், வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி அறிவிக்கும் நெறிமுறையான பிஜிபியைப் படித்துவிடுங்கள். இலங்கை வலையமைப்பு இயக்குநர்கள் கூடும் எல்கேநொக் நிகழ்விலும் முகம் காட்டுங்கள்.

சேர்ந்த பிறகு சங்கத்திடம் இரண்டு தொடர்பாளர்களின் பெயரைக் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் படித்த பிள்ளைகள் வெளிநாடு போவது வழக்கம். ஒருவர் போனால் மற்றவரிடம் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும், பியரிங்டிபி கணக்கை மாற்றும் உரிமையும் இருக்க வேண்டும். புதிய உறுப்பினர் இணையும் ஒவ்வொரு முறையும் தரவைப் புதுப்பிக்கும் பொறுப்பை அந்த இருவரில் ஒருவரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள்.