டைட்டானியம் ஃபிரேமுக்கு முன் டயரைக் கவனியுங்கள்

சைக்கிளைக் குலுங்காமல் ஓட்டத்தான் டைட்டானியம் ஃபிரேம் வாங்கப் போகிறீர்கள் என்றால், அவசரப்படாதீர்கள். அலுமினியம் ஃபிரேமையே எடுத்து, 25 மி.மீ. அகல டயருக்குப் பதில் 32 மி.மீ. போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். மேடுபள்ளத்தின் அதிர்வை முதலில் தாங்குவது டயரில் உள்ள காற்றுதான். முக்கோணமாக இணைத்த ஃபிரேம், எந்த உலோகமானாலும், மேலும் கீழுமாக மிகக் கொஞ்சமே வளையும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் பின்சக்கரத்தின் பக்கமும் 32 நுழைய இடமிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பழைய ரேஸ் சைக்கிள்கள் பலவற்றில் இருக்காது.

கடலோரத்தில் இருந்துகொண்டு ஒரே சைக்கிளைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. பெயின்ட் உரிந்த இடத்தில் அலுமினியத்தை உப்புக்காற்று அரிக்கும். டைட்டானியத்துக்குப் பெயின்ட்டே தேவையில்லை. அவர்கள் கூடுதல் காசு தாராளமாகக் கொடுக்கலாம்.