வெல்ட் ரோட்டிலிருந்து செஷயர் வரை: அரிய பிரிட்டிஷ் குடும்பப் பெயரின் ஊரைத் தேடுவது எப்படி

சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஜாலான் புசாரை ஒட்டி, வெல்ட் ரோடு என்று ஒரு குட்டித் தெரு இருக்கிறது. பலகையைப் பார்ப்பவர்களுக்கு வெல்டிங் பட்டறைதான் நினைவுக்கு வரும். ஆனால் அது ஒரு குடும்பப் பெயர். 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) ஆளுநராக இருந்த சர் ஃபிரெடரிக் வெல்டின் பெயர்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. அப்பா பெயர் அடையாள அட்டையில் ‘சன் ஆஃப்’ என்று பின்னால் ஒட்டிக்கொள்ளும், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். இங்கிலாந்தில் 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு பரம்பரைப் பெயர் மெல்ல வழக்கத்துக்கு வந்தது. 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் அது நிலைத்துவிட்டது. வேல்ஸில் மட்டும் நம்மைப் போல அப்பா பெயரை ஒட்டிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. அதனால் வேல்ஸ் பெயர்களுக்கு இங்கே சொல்லும் முறை அவ்வளவாகப் பலிக்காது.

ஸ்மித், பிரௌன் போன்ற பெயர்களுக்கும் பலிக்காது, அவை நூறு ஊர்களில் தனித்தனியாக முளைத்தவை. நாடு முழுக்கச் சில நூறு பேரே வைத்திருக்கும் பெயர் அப்படியல்ல. பின்னோக்கிப் போனால் ஒரே வட்டாரத்தில், சில நேரம் ஒரே ஆளிடம் போய் முடியும். முதலில் எண்ணிக்கை, அடுத்து இடம், கடைசியில்தான் பொருள் என்ற வரிசையில் போங்கள். பலர் பொருளில் தொடங்கி, அதற்குத் தோதான ஊரைத் தேடி, அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

தேடலுக்கு முன்

அது பிரிட்டிஷ் பெயர்தானா என்று உறுதிசெய்யுங்கள். டெஸ்கர் ரோட்டின் பெயர், இறைச்சி வியாபாரம் செய்த ஒரு யூரேசியருடையது. செம்பவாங் பக்கம் உள்ள கான்பரா, வெலிங்டன் எல்லாம் ஊர்ப் பெயர்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். தமிழில் எழுதினால் வேறுபாடுகள் மறைந்துவிடும், ஆகவே இந்த வேலைக்கான நோட்டில் பெயரை ஆங்கில எழுத்தில், பார்த்தது பார்த்தபடி எழுதுங்கள். கிராஃபோர்ட் ஸ்திரீட் நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூரின் இரண்டாவது ரெசிடென்ட் (ஆட்சிப் பொறுப்பாளர்) ஜான் கிராஃபோர்ட் தன் பெயரில் ‘யு’ போட்டு எழுதியவர், தெருப் பலகையில் இருப்பதோ ‘ஓ’. பலகையை நம்பித் தேடினால் ஸ்காட்லாந்து முழுக்கப் பரவிய பெரிய கூட்டத்துக்குள் அவர் காணாமல் போவார். கேவனா பாலத்தின் பெயர் ‘சி’யில் தொடங்குகிறது, அயர்லாந்தில் அதே பெயர் பெரும்பாலும் ‘கே’யில் தொடங்கும். இரண்டையும் தேடவேண்டும்.

ஒரு பெயருக்குக் குறைந்தது ஆறேழு எழுத்துக்கூட்டல்களாவது பட்டியலிடுங்கள்: இரட்டை எழுத்தை ஒற்றையாக்கி, ஈற்றில் ‘இ’ சேர்த்து, ‘ஐ’யை ‘ஒய்’ ஆக்கி, முதலில் வரும் ‘எச்’சை விட்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சொன்னதைப் பாதிரியார் தன் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது.

சிங்கப்பூரில் இருந்தபடியே சேர்க்கக்கூடியவை

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாளிதழ்கள் இருக்கின்றன. பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகளைப் பாருங்கள். திருமண அறிவிப்புதான் தங்கம், ஏனென்றால் ‘இன்ன ஊர் இன்னாரின் இரண்டாவது மகன்’ என்று அப்பாவின் பெயரும் ஊரும் சேர்ந்தே வருவதுண்டு. பழைய அச்சைக் கணினி தவறாகப் படித்திருக்கும், அதனால் குடும்பப் பெயர் கிடைக்காவிட்டால் முதல் பெயரையும் பதவியையும் போட்டுத் தேடுங்கள்.

ஃபோர்ட் கேனிங்கில் 1865 வரை கிறிஸ்துவர்களைப் புதைத்தார்கள். அங்கிருந்த கல்வெட்டுகள் பல இப்போது செங்கல் சுவரில் பதிக்கப்பட்டிருக்கின்றன. காலை பத்து மணிக்கு முன் போங்கள். சாய்ந்த வெயிலில் தேய்ந்த எழுத்துகளின் விளிம்பு நிழல் விழுந்து தெரியும், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சுண்ணக்கட்டி தேய்த்துப் படிக்கும் பழைய வழக்கம் வேண்டாம், கல் கெட்டுப்போகும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தாலே போதும்.

முதல் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அம்மா வழியில் அல்லது பாட்டி வழியில் அழியப்போகிற குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு முதல் பெயராக வைப்பது அவர்கள் வழக்கம். ஆளுநர் கேவனாவின் முதல் பெயர் ஓர்ஃபர், அதுவே கம்பர்லாந்துப் பக்கம் நிலம் வைத்திருந்த ஒரு பழைய குடும்பத்தின் பெயர். பொற்கொல்லரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, நம் ஊரில் ‘பத்தர்’ என்பது போல.

1881 என்ற நங்கூரம்

பரவலைக் காண முதலில் பிடிக்கவேண்டியது பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் இங்கிலாந்து, வேல்ஸுக்கான பெயர்ப்பட்டியல் முழுவதும் கிடைக்கும். பெயரின் ஓர் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி, பல எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம்.

கிடைத்த ஒவ்வொருவரையும் எக்செலில் ஒரு வரியாக ஏற்றுங்கள். பெயர், வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, தொழில், வசித்த பேரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்), மாவட்டம், பிறந்த ஊர் என்று ஏழு பத்தி போதும். அரிய பெயர் என்றால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

வெறும் தலைக்கணக்கு ஏமாற்றும். உதாரணத்துக்கு, லண்டனில் 30 பேர், 12,000 பேர் கொண்ட ஒரு கிராமப்புற வட்டாரத்தில் 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். லண்டன் முந்துவது போலத் தெரியும். ஆனால் அன்றைய லண்டனின் மக்கள்தொகை சுமார் 3.8 மில்லியன். 100,000 பேருக்கு எத்தனை என்று வகுத்தால் லண்டனுக்கு 0.8, கிராமத்துக்கு 200. பெயரின் வீடு எது என்பதில் சந்தேகமே இல்லை.

இதைவிடக் கூர்மையான வழி ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. பட்டியலில் 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பிரித்தெடுத்து, அவர்கள் வசித்த ஊரை விட்டுவிட்டுப் பிறந்த ஊரை மட்டும் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். அவர்கள் 1821க்கு முன் பிறந்தவர்கள். ரயில் வந்து ஆட்களை நகரங்களுக்கு இழுப்பதற்கு முந்தைய நிலை அப்படியே தெரியும். அறுபது வருடத்தைச் சல்லிக் காசு செலவில்லாமல் பின்னோக்கிக் கடந்துவிடலாம்.

இங்கே மூன்று பிழைகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, மனைவிமார். கணவன் பெயரைச் சுமப்பவர்கள் என்பதால் அவர்களுடைய பிறந்த ஊர் உங்கள் பெயருக்குச் சம்பந்தமில்லாதது. உறவுப் பத்தியில் ‘மனைவி’ என்று இருந்தால் புள்ளி வைக்காதீர்கள், விதவைகளுக்கும் அதே. இரண்டு, மாணவர்கள், சிப்பாய்கள், வேலைக்காரர்கள். அவர்கள் அன்றிரவு இருந்த இடம் சொந்த ஊர் ஆகாது. மூன்று, கடல் கடந்தவர்கள். கணக்கெடுத்த நாள் 1881 ஏப்ரல் 3. அன்று ஃபிரெடரிக் வெல்ட் நம் ஆளுநர், அதனால் இங்கிலாந்துக் கணக்கில் அவர் வரமாட்டார்.

இந்த மூன்றாவது ஓட்டை, கிழக்கிந்தியக் கம்பெனிக் குடும்பங்களில் மிகப் பெரியது. பென்கூலன் பக்கத்தில் உள்ள பிரின்செப் ஸ்திரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப்பின் பெயர் அது. அவருடைய தம்பி ஜேம்ஸ் பிரின்செப்தான் 1830களில் அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர். அவர்களுடைய தந்தை ஜான் 1771இல் இந்தியா போய் அவுரிச் சாயத்தில் பணம் சேர்த்தவர். இப்படிப்பட்ட பெயருக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைத் திறக்கவேண்டும். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் வரிசைகளில் என்/1 வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய். 1867 ஏப்ரலில் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து குடியேற்ற அலுவலகத்தின் கீழ் போயின. அதற்குப் பிந்தைய அதிகாரிகளை லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் சிஓ 273 வரிசையில் தேடவேண்டும்.

பின்னோக்கி நடப்பது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855இல். ஃப்ரீபிஎம்டி தளத்தில் அட்டவணையை இலவசமாகப் பார்க்கலாம். தலைமைப் பதிவு அலுவலகத்தின் சொந்த அட்டவணையில் தொடக்கம் முதலே தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் உண்டு. அரிய பெயருக்கு இரண்டையும் ஒப்பிடுங்கள், ஒன்றில் விட்டது மற்றதில் இருக்கும்.

அட்டவணையில் உள்ள காலாண்டு, பதிவு செய்த காலாண்டு. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பர்க் குழந்தை அடுத்த வருட மார்ச் காலாண்டில் வரலாம். 1875க்கு முன் பதியாமல் விட்ட பிறப்புகளும் ஏராளம். 1852 முதல் 1946 வரையிலான தொகுதி எண்ணே வட்டாரத்தைக் காட்டிக்கொடுக்கும்: 1ஏ லண்டன், 10ஏ டர்ஹம்.

1837க்கு முன்னால் போக பேரிஷ் பதிவேடுகள்தான். 1538இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவில் தொடங்கியவை. ஃப்ரீரெக் தளத்திலும் ஃபேமிலிசர்ச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருகின்றன. நமக்குச் சித்திரை முதல் நாள் போல, 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஆக, 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்குக்கு அது 1721. இதைக் கவனிக்காவிட்டால் குழந்தை பிறந்து பல மாதம் கழித்துத் திருமணம் நடந்தது போலவும், செத்தவர் ஞானஸ்நானம் பெற்றது போலவும் குழப்பம் வரும்.

கையெழுத்து இன்னொரு பொறி. சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ஸை அன்று நீட்டி, குறுக்குக் கோடு இல்லாத ‘எஃப்’ போல எழுதினார்கள். பிரின்செப்பை ‘பிரின்ஃபெப்’ என்று யாரோ படித்துத் தட்டச்சு செய்திருந்தால் நீங்கள் என்ன தேடினாலும் கிடைக்காது. நடுவில் ‘எஸ்’ உள்ள பெயர் என்றால் ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடுங்கள். ‘என்’, ‘யு’ இரண்டும் கைமாறும். பெயரின் தொடக்கத்தில் இரண்டு சின்ன ‘எஃப்’ இருந்தால் அது ஒரு பெரிய ‘எஃப்’, அவ்வளவுதான்.

ஒவ்வொரு தலைமுறைக்கும் இடம் நகர்கிறதா என்று பாருங்கள். வெல்ட் பெயருக்குக் கோட்டையும் நிலமும் டோர்செட்டில். ஃபிரெடரிக் வெல்ட் பிறந்ததும் அங்கே சிடியக்கில். டோர்செட்தான் மூலம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அங்குள்ள அந்த லல்வர்த் கோட்டையை ஹம்ஃப்ரி வெல்ட் விலைக்கு வாங்கியதே 1641இல்தான். அவருடைய பாட்டனார், அதே பெயர்க்காரர், 1608இல் லண்டன் மேயர், செஷயரின் ஈட்டனிலிருந்து வந்த குடும்பம். பணக்காரக் குடும்பத்தின் மாளிகை நிற்கும் இடம் பெயரின் ஊர் ஆகிவிடாது. ஏழை விவசாயிகள் அதே பெயரில் கூட்டமாக இருக்கும் பேரிஷ்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

பொருள், இரத்தம்

இடம் கிடைத்த பிறகு அகராதியைத் திறங்கள். 2016இல் வந்த ஆக்ஸ்ஃபர்ட் குடும்பப் பெயர் அகராதியில் 45,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. அதற்குமுன் அந்த வட்டாரத்தின் பழைய வரைபடத்தில் அதே பெயரில் பண்ணையோ குக்கிராமமோ இருக்கிறதா என்று பாருங்கள். ‘பாட்டம்’ என்று முடியும் பெயர்களைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். லங்காஷயர் பக்கம் அது பள்ளத்தாக்கின் அடிநிலம், ராம்ஸ்பாட்டம் என்று ஊரே இருக்கிறது. ‘ட்ரெ’, ‘பென்’ என்று தொடங்கினால் கார்ன்வாலையும், ‘துவெய்ட்’ என்று முடிந்தால் கம்பர்லாந்து, யார்க்ஷயரையும் முதலில் பாருங்கள். வரைபடமும் சொல்லும் ஒத்துப்போகாவிட்டால் வரைபடத்தை நம்புங்கள்.

பெயர் ஒன்று என்றால் இரத்தம் ஒன்று என்று ஆகாது. ராஃபிள்ஸின் ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். மிஞ்சிய மகள் எல்லாவும் 1840இல் மணமாகாமலே இறந்தார். இன்று அந்தப் பெயரைத் தாங்கும் எவரும் அவருடைய நேர் வாரிசு அல்லர். நம் தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பங்களில் ஆங்கிலப் பெயர் இருந்தால், தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவருடைய அல்லது படிப்புக்குப் பணம் அனுப்பியவருடைய பெயராகவும் இருக்கலாம். அப்போது இங்கிலாந்துக்குப் போகாமல் மிஷன் பதிவேட்டுக்குப் போங்கள். தந்தை வழி ஒய் குரோமோசோம் சோதனை அரிய பெயர்களுக்கு ஓரளவு உதவும், ஆனால் தத்தெடுத்த பிள்ளை, அம்மா பெயரை வைத்துக்கொண்ட பிள்ளை என்று ஒரு கண்ணி விட்டுப்போனாலும் முடிவு மாறும்.

1881க்கு இந்தப் பக்கம் வரவேண்டுமானால் இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் திறந்தது. 1931 ஏடுகள் 1942இல் தீயில் போயின, 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. இடைவெளியை 1939 செப்டம்பர் 29இல் எடுத்த மக்கள் பதிவேடு நிரப்பும். அதைப் பிற்காலத்தில் மருத்துவச் சேவைக்கும் பயன்படுத்தியதால், பெண்ணுக்குக் கல்யாணமானதும் பழைய பெயரை அடித்துப் புதியதை வேறு மையில் மேலே எழுதியிருக்கிறார்கள். அரிய பெயரைத் தேடுகிறவர் படத்தைப் பெரிதாக்கி, அடிக்கப்பட்ட அந்தக் கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.