இன்வின்சிபிளா, இன்டாமிடபிளா?

கபடிப் போட்டிக்கு பேனர் அடிக்கும்போது உங்கள் டீமுக்கு முன்னால் 'இன்வின்சிபிள்' என்று போட ஆசையா? தாராளமாகப் போடுங்கள். ஆனால் யாராலும் வெல்ல முடியாதது என்பதுதான் அதற்கு அர்த்தம். போன வாரம் கோபிசெட்டிபாளையம் டீமிடம் தோற்றிருந்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

தோற்றாலும் மனசு தளராத ஆளுக்கு வேறு சொல் இருக்கிறது: இன்டாமிடபிள். லத்தீனில் பழக்கி அடக்குவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மூக்கணாங்கயிற்றுக்கும் மசியாத காங்கேயம் காளையை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

பள்ளிப் பிள்ளைகள் தீரன் சின்னமலை பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஓடாநிலையில் கோட்டை கட்டி கம்பெனிப் படையை எதிர்த்து நின்றவர், 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். உயிரைப் பறிக்க முடிந்தது, பணிய வைக்க முடியவில்லை. அவருக்கு இன்டாமிடபிள்தான் பொருத்தம். கூடவே 'ஸ்பிரிட்', 'வில்', 'கரேஜ்' மூன்றில் ஒன்றைச் சேர்த்தால் வாக்கியம் இயல்பாக இருக்கும். ஆர்மி, டீம், கோட்டை என்றால் இன்வின்சிபிள்.

உச்சரிக்கும்போது 'வின்', 'டா' என்ற இடங்களில் அழுத்துங்கள். அப்புறம் ஸ்பெல்லிங். இன்வின்சிபிளில் 'என்' இரண்டு, முடிவு 'ஐ-பி-எல்-ஈ'. இன்டாமிடபிளுக்கு 'ஏ-பி-எல்-ஈ'. பேனர்காரர் ஒரு 'என்'னை விட்டு, 'சி'க்குப் பதில் 'எஸ்' போட்டுவிட்டால் இன்விசிபிள் ஆகிவிடும், அதாவது கண்ணுக்கே தெரியாத டீம். பிரிண்டுக்கு அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.