செட்டிநாட்டு வீட்டின் மேல் ட்ரோன் பறக்கவிடும் முன்: புதியவர்களுக்கான செய்முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது விழா), புதுமனை என்றால் இப்போது ட்ரோன் படமும் சேர்த்தே பேசப்படுகிறது. புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இங்கே பறக்கவிடலாமா?" அது பாதிக் கேள்வி. பறப்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, கேமராவில் விழுவதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. ட்ரோன் விதிகள் 2021-இல் தனியுரிமைக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. பறக்கும் இடங்களைக் காட்டும் அரசு வரைபடம் பச்சை காட்டியது என்பதற்காகப் பக்கத்து வீட்டைப் படம் பிடிக்க உரிமை வந்துவிடாது.

செட்டிநாட்டில் இது கூடுதல் சிக்கல். தெருவில் நின்றால் முகப்பும் திண்ணையும்தான் தெரியும். மேலே போனால் வளவு (வீட்டின் நடு முற்றம்), இரண்டாம் கட்டு (அதற்கு அடுத்த பகுதி), பின்கட்டுக் கிணற்றடி எல்லாம் தெரியும். வற்றல் காய்வதும் தெரியும், ஆச்சி தலை உலர்த்துவதும் தெரியும். வளவு வானம் பார்த்தது என்றாலும் அது வீட்டின் உள்ளேதான். கீழே உள்ள படிகளை இதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

படி 1: எடை போடுங்கள்

ட்ரோனைப் பறக்கும் நிலையில், பேட்டரி, மெமரி கார்டு, ஃபில்டர் எல்லாம் மாட்டி, சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை சிறியது. அதற்கு மேல் உள்ள வகைகள் கல்யாண வீட்டுக்கு வராது.

பெட்டியில் 249 கிராம் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. இறக்கைக் காப்பு மாட்டினாலோ, அதிக நேரம் பறக்கும் பெரிய பேட்டரி போட்டாலோ அதே ட்ரோன் 250-ஐத் தாண்டி மைக்ரோ ஆகிவிடும். விதி பார்ப்பது அன்றைக்குப் பறக்கும் மொத்த எடையை.

படி 2: எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் உறவினரிடம் "ஒரு ட்ரோன் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ, பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்யத் தடை உள்ளது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. திருச்சி விமான நிலையச் சுங்கத்தில் பெட்டியோடு நின்றுபோனால், "கல்யாணத்துக்குத்தான்" என்ற விளக்கம் எடுபடாது. பழைய ட்ரோனை இங்கேயே ஒருவரிடம் வாங்குவதானால் முதலில் அதன் பதிவெண்ணைக் கேளுங்கள். பதிவெண் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 3: தாள்களைச் சேருங்கள்

பதிவெண்: யூஐஎன் என்பார்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையத்தளத்தில் டி-2 படிவம் நிரப்ப வேண்டும், கட்டணம் 100 ரூபாய். தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், எடை ஆகியவை தேவை. நானோவுக்கு வகைச் சான்றிதழ் (அந்த மாடல் தரத்துக்கு ஏற்றது என்ற சான்று) வேண்டியதில்லை, ஆனால் பதிவெண்ணை வாங்கி வைத்துவிடுவதே நல்லது. மைக்ரோவோ அதற்கு மேலோ வாங்கினால், அந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் கேளுங்கள்.

ஓட்டுநர் சான்றிதழ்: நானோவுக்குத் தேவையில்லை. மைக்ரோவை வருமான நோக்கமின்றி ஓட்டினால் தேவையில்லை. சொந்த வீட்டை ஆசைக்குப் படம் எடுப்பது அதில் சேரும். கல்யாண ஆர்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ஓட்டினால் கட்டாயம். வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்சி. சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். 2023 திருத்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் கட்டாயமில்லை, அரசு வழங்கிய வேறு அடையாள, முகவரிச் சான்று போதும்.

காப்பீடு: நானோ தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். பந்தலில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பறக்கவிடுபவர், சட்டம் கேட்காவிட்டாலும் இதை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஸ்டுடியோவுக்கு ஆர்டர் கொடுக்கும் வீட்டார் இந்த மூன்று தாள்களின் படத்தையும் முன்பணம் கொடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிவிடலாம்.

படி 4: வரைபடம் பாருங்கள், அன்று காலையிலும் பாருங்கள்

டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையத்தளத்தின் வரைபடத்தில் மூன்று நிறம். பச்சையில் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 60 மீட்டராகக் குறையும். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி, சிவப்பில் மத்திய அரசின் அனுமதி.

செட்டிநாட்டுக்கு அருகில் இயங்கும் விமான நிலையங்கள் திருச்சியும் மதுரையும். இரண்டுமே 12 கிலோமீட்டருக்கு வெகு தொலைவு. அதனால் இங்கே பெரும்பாலும் பச்சைதான் தெரியும். பழைய செட்டிநாடு விமான ஓடுதளத்தில் இப்போது விமானம் வருவதில்லை என்றாலும், அந்தப் பக்கம் போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டே போகவும்.

ஆள் மாட்டுவது தற்காலிகச் சிவப்பில். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓரிடத்தை ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை சிவப்பாக அறிவிக்கலாம். முக்கியப் பிரமுகர் வருகை, பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி போன்ற கூட்ட நாட்கள் என்றால் முந்தின நாள் பார்த்த வரைபடத்தை நம்பாமல், அன்று காலை மறுபடி பாருங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனால் "யாரோ பறக்கவிடுறாங்க" என்று தொலைபேசி போனால் அங்கே உங்கள் பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கோயில்களுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரத்தார் கோயில்களுக்கு அந்தந்த நிர்வாகம், குன்றக்குடிக்கு ஆதீனம். திருமயம் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அத்துறையின் முன் அனுமதியின்றி ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்க வேண்டாம்.

படி 5: யாரிடம் அனுமதி வாங்குவது?

ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். சாவி வைத்திருப்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மட்டுமே. அவர் "எடுத்துக்கோங்க தம்பி" என்று சொல்வது கதவு திறக்கப் போதும், படம் வெளியிடப் போதாது. வீட்டை நிர்வகிக்கும் பங்காளியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பதிலும் உதவும். அதில் இவை இருக்கட்டும்: தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வீட்டின் எந்தப் பகுதிகள், எதற்காக, எங்கே வெளியிடப் போகிறீர்கள், மீதிக் காட்சிகளை எப்போது அழிப்பீர்கள். கல்யாண வீட்டில் ஒருவர் மற்ற பங்காளிகளுக்கும் சொல்லிவிட்டதாகச் சொன்னாலும், கட்டுக்குக் கட்டு தனித்தனிக் குடித்தனம் இருக்கிற வீடா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரு பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் முந்தின நாள் மாலை போய், நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். பாதிப் புகார்கள் இந்த ஒரு நடையில் நின்றுவிடும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மேல் வட்டமிடுவதைத் தவிருங்கள். தூணும் கதவும் விலைபோகிற ஊரில் திருட்டுக்கு நோட்டம் பார்ப்பதாக நினைப்பார்கள், நினைப்பதில் தப்பும் இல்லை.

படி 6: உயரமும் கோணமும்

எந்த உயரத்தில் எவ்வளவு இடம் படத்தில் விழும் என்று கணக்குத் தெரியாமல் பறக்கவிடுவதால்தான் பக்கத்து வளவு உள்ளே வருகிறது. வழக்கமான 24 மில்லிமீட்டர் அகலக் கோண லென்ஸ், 16:9 வீடியோ, கேமரா நேர் கீழே பார்க்கிறது என்றால், ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. 20 மீட்டர் உயரத்தில் பறந்தால் தரையில் 30 மீட்டர் அகலமும் 17 மீட்டர் நீளமும் விழும். 30 மீட்டரில் 45-க்கு 25. 60 மீட்டரில் 90-க்கு 50, அதாவது அக்கம்பக்கம் முழுதும்.

30 மீட்டரில் 4கே எடுத்தால் ஒரு பிக்சலுக்குச் சுமார் 1.2 சென்டிமீட்டர். நேர் கீழே பார்க்கையில் உச்சந்தலைதான் தெரியும், முகம் அடையாளம் தெரியாது. 10 மீட்டருக்கு இறங்கினால் ஒரு பிக்சல் 4 மில்லிமீட்டர், நிமிர்ந்து பார்ப்பவர் யாரென்று தெரிந்துவிடும். ஜூம் போட்டாலும் அதே கதை.

சாய்கோணம் இன்னும் மோசம். 30 மீட்டர் உயரத்தில் கேமராவை 30 பாகை கீழே சாய்த்தால் ஃபிரேமின் மேல் விளிம்பு 200 மீட்டருக்கு அப்பால் போய் விழுகிறது. தெருவில் அத்தனை வீட்டு வளவும் அதற்குள் அடங்கும். அழகான காட்சியும் அதுதான் என்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: வளவை எடுக்க நேர் கீழ்க் கோணம், 20 மீட்டர். முகப்பை எடுக்க முகப்பின் உயரத்துக்கே வந்து, கேமராவை வீட்டைப் பார்த்து வைத்துப் பின்னோக்கி நகருங்கள். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுங்கள். இடத்துக்குப் போன பிறகு பொத்தானை அழுத்தினால் போதும். ஊருணிப் படித்துறையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பறப்பதில் இந்த ஊர் வீடுகள் தரும் தொல்லை தனி. வளவுக்குள் இருந்து கிளப்பினால் நாலு பக்கச் சுவர் செயற்கைக்கோள் சமிக்ஞையை மறைக்கும். வீடு திரும்பும் புள்ளி, அதாவது ட்ரோன் தானாகத் திரும்பி வர வேண்டிய இடம், கிளப்பும்போது பதிவாகாமல், ட்ரோன் மேலே போன பிறகு ஓட்டுக்கு மேல் ஏதோ ஓரிடத்தில் பதிவாகும். சிக்னல் அறுந்தால் அங்கேதான் இறங்கும், அதாவது ஓட்டின் மேல். மொட்டைமாடியில் கிளப்பினால் தளத்தில் உள்ள இரும்பு திசைகாட்டியைக் குழப்பும். வாசலுக்கு வெளியே வெட்டவெளியில், புள்ளி பதிவானதைத் திரையில் பார்த்துவிட்டுக் கிளப்புங்கள். திரும்பும் உயரத்தை 40 மீட்டராக வையுங்கள், கோபுரமோ செல்போன் கோபுரமோ பக்கத்தில் இருந்தால் அதைவிட 10 மீட்டர் கூட்டி. திரையில் காட்டும் உயரம் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. 12 மீட்டர் மாடியில் கிளப்பிவிட்டு 120 காட்டும்வரை போனால் தரையிலிருந்து 132, விதியைத் தாண்டியாகிவிட்டது. உச்ச வரம்பை 100 என்று அமைத்துவிடுங்கள், கல்யாணப் படத்துக்கு அதுவே மிச்சம்.

வாணவேடிக்கை நேரத்தில் பறக்கவிடாதீர்கள். பருந்து சுற்றினால் இறக்குங்கள். கண்பார்வையை விட்டு அகலாமல் இருக்க, திரையைப் பார்க்காமல் ட்ரோனை மட்டும் பார்க்கிற ஓர் ஆள் கூட வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையத்தளத்தில் தெரிவிக்க வேண்டும்.

படி 7: படம் எடுத்த பிறகு

ஆபத்தான சட்டங்கள் இங்கேதான் இருக்கின்றன. பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியக் குற்றவியல் சட்டம்) 77-ஆம் பிரிவு: தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில் ஒரு பெண் குளிப்பது, உடை மாற்றுவது போன்றவற்றைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம். முதல் முறைக்கு 1 முதல் 3 ஆண்டு, மறுமுறைக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவு: ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதோ வெளியிடுவதோ 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் பொது இடமா தனி இடமா என்ற வேறுபாடு பார்க்கப்படாது. ஊருணியைப் பற்றி மேலே சொன்னது இதனால்தான். ஆள் மேல் ட்ரோன் விழுந்தால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது குறித்த நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவும் வரும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் எடுப்பதைத் தொடாது. காசுக்கு எடுக்கும் ஸ்டுடியோவைத் தொடும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் வாங்குவது போன்ற முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் ஒப்புதல். ஸ்டுடியோக்காரர்கள் ஒப்பந்தத் தாளில் இந்த வரிகளை இப்போதே சேர்த்துக்கொள்ளட்டும்.

அன்றிரவே காட்சிகளை ஓட்டிப் பாருங்கள். பக்கத்து வளவு விழுந்த பகுதியை வெட்டுங்கள், வெட்ட முடியாததை மங்கலாக்குங்கள். மெமரி கார்டை அழித்தால் வேலை முடியவில்லை, செயலி உங்கள் போனிலும் ஒரு சின்ன நகல் வைத்திருக்கும். படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். பூட்டிய வீட்டின் பின்வாசலும் ஓட்டு உடைந்த இடமும் இடக்குறிப்போடு யூடியூபில் இருப்பதை எந்தப் பங்காளியும் விரும்ப மாட்டார்.

உங்கள் வீட்டின் மேல் ஒன்று வந்து நின்றால்

கல்லெறியாதீர்கள், கவணும் வேண்டாம். அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள் மேல் திரும்பும், விழுகிற ட்ரோன் யார் தலையில் விழும் என்பதும் தெரியாது. போனில் ட்ரோனையும் உங்கள் வளவையும் ஒரே காட்சியில் வருமாறு எடுங்கள், நேரம் பதிவாகட்டும். வெளியே வந்து பாருங்கள்: ஓட்டுபவர் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள், வெட்டவெளியில், திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார். பதிவெண்ணைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தாலோ, பெண்களையோ குழந்தைகளையோ படமெடுத்ததாகத் தெரிந்தாலோ 112-ஐ அழையுங்கள். எழுத்துப் புகாரில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நின்றது, எந்தக் கட்டின் மேல், அப்போது அங்கே யார் இருந்தார்கள் என்று எழுதி, மேலே சொன்ன 77, 66-இ பிரிவுகளில் பொருந்துவதைக் குறிப்பிடுங்கள். காட்சி ஏற்கெனவே இணையத்தில் ஏறியிருந்தால் அந்த இணைப்பையும் திரைப்பிடிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், நீக்கிய பிறகு காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.