கிராபிக்ஸ் கார்டு திணறினால் எங்கிருந்து தொடங்குவது?

கேம் திக்கித் திக்கி ஓடத் தொடங்கியதும் பலர் புதிய கார்டின் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அது வேண்டாம். கையில் இருக்கும் கார்டு தன் முழு வேகத்தைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்தவரை, நம் திருநெல்வேலிச் சீமையில் கெட்டுப்போகும் கார்டுகளைவிட வெக்கையிலும் தூசியிலும் சோர்ந்துபோகும் கார்டுகளே அதிகம்.

படி 1: கேபிள்

கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ வாய் மதர்போர்டுடையது. அதற்குக் கீழே, பெரும்பாலும் படுக்கைவாட்டில் இருப்பதுதான் கார்டுடையது. மானிட்டர் கேபிள் கீழே உள்ளதில்தான் இருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் டிஸ்பிளே அமைப்புகளுக்குள் போய், அது 60-லேயே நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 2: அளந்து பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள். எந்த நிறுவனத்தின் கார்டுக்கும் பொருந்தும். கார்டின் பயன்பாட்டு விழுக்காடு, வெப்பநிலை, கிளாக் வேகம் (கார்டின் சிப் இயங்கும் வேகம்) மூன்றையும் திரையிலேயே காட்டச் செய்யுங்கள். ஒரே கேமை, ஒரே செட்டிங்கில், 20 நிமிடம் விளையாடி எண்களைத் தாளில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் எதையும் கழற்றாதீர்கள்.

பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, கிளாக் வேகமும் குறையாமல் நின்றால் கார்டில் குறையில்லை. நிழல், ரெசல்யூஷன் போன்ற செட்டிங்குகளைக் குறைப்பதுதான் வழி. பயன்பாடு 50, 60 விழுக்காட்டிலேயே நின்றால் தடை வேறெங்கோ இருக்கிறது. முதலில் வி-சிங்க் போல, நொடிக்கு இத்தனை பிரேம்தான் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு எதுவும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ரேம். ஒற்றை ரேம் மட்டும் போட்டிருந்தால் இன்னொன்றைச் சேர்த்து இரட்டையாக ஓடவிடுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குங்கள். இத்தனைக்கும் பிறகு மாறவில்லை என்றால் ப்ராசசர்தான் ஈடுகொடுக்கவில்லை.

வெப்பநிலை ஏற ஏற கிளாக் வேகம் இறங்குகிறதா? அப்படியானால் அடுத்த படிதான் உங்களுக்கானது.

படி 3: வெப்பமும் தூசியும்

பல என்விடியா கார்டுகள் 83 டிகிரி செல்சியஸை ஒட்டித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை வீட்டு மாடியறை எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும். கார்டின் விசிறி அந்தச் சுடுகாற்றைத்தான் இழுத்துக் குளிர வேண்டியிருக்கிறது. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓடவிடுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க ஒரு விசிறி, பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று என்பது குறைந்தபட்சத் தேவை. சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுழற்றும் அதே ஆடிக் காற்றுதான் செம்மண் தூளையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. அந்தத் தூள், கார்டின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே படிந்து அடைத்துக்கொள்ளும். காற்றுக்காலம் முடிந்ததும் ஒருமுறை சுத்தம் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். ஜன்னலுக்கு நேரே கணினியை வைக்காதீர்கள்.

சுத்தம் செய்யும் முறை இதுதான். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். திண்ணைக்கு எடுத்துப்போய், கார்டின் விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி தாறுமாறாகச் சுழன்று பழுதாகலாம். ஒட்டிய தூசிக்கு உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். ஈரத்துணி கூடவே கூடாது.

படி 4: மின்சாரம்

மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட். கார்டில் இரண்டு இணைப்புகள் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தனித்தனியாக இரண்டு கேபிள்கள் கொடுப்பது நல்லது. கேம் நடுவே கணினி பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

படி 5: டிரைவர்

கார்டை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்த பிறகுதான் திணறல் வந்ததென்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். மற்றபடி, விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில், டிடியு (டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) மென்பொருளால் பழையதை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திணறினால் கார்டை நண்பர் வீட்டுக் கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கும் அதே நிலை என்றால் கார்டில்தான் கோளாறு. வாரண்டி இருந்தால் திருகுகளின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தொடாமல், பில்லோடும் நீங்கள் எழுதிய எண்களோடும் வாங்கிய கடைக்கு எடுத்துப்போங்கள்.