குழந்தைக்குப் பணிவாகக் கேட்கப் பழக்குவது எப்படி? முதல் முறை முயல்பவர்களுக்கு

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் மாலை நேரத்தில் ஐந்து குழந்தைகள் இருப்பார்கள். இருவர் என் பிள்ளைகள். மற்ற மூவர், தேயிலை பறிக்கப் போன அக்கம்பக்கத்துப் பெண்கள் திரும்பி வரும்வரை என் பொறுப்பில் இருப்பவர்கள். மூத்தவளுக்கு ஐந்து வயது, கடைக்குட்டிக்கு இரண்டரை. பால் காய்ச்சி வைத்துவிட்டு வர்க்கி (எங்கள் நீலகிரிப் பக்கத்து மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்) டப்பாவைத் திறந்தால் போதும், "எனக்கு! எனக்கு!" என்று பத்துக் கைகளும் ஒன்றாக நீளும். அதட்டிப் பார்த்தேன், பயந்து அழுதார்களே தவிர, கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. பிறகு நான் செய்து பார்த்து, பலன் கண்ட முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த வாக்கியம் என்று முடிவு செய்யுங்கள்

பலரும் 'ப்ளீஸ்' சொல்லப் பழக்குவதில்தான் தொடங்குகிறார்கள். சிலர் 'தயவுசெய்து' என்கிறார்கள். அது அறிவிப்புப் பலகையில் இருக்கும் சொல். எந்த வீட்டிலும் பேத்தி பாட்டியிடம் "தயவுசெய்து தண்ணீர் கொடு" என்று கேட்பதில்லை. தமிழில் பணிவு தனியாக ஒரு சொல்லில் உட்கார்ந்திருப்பதில்லை. யாரிடம் கேட்கிறோமோ அவரை முறை வைத்து அழைப்பதிலும், வினைச்சொல் எப்படி முடிகிறது என்பதிலும், குரலிலும் அது இருக்கிறது.

கேட்பது என்பதைப் பற்றி நம் மொழி வெகு காலமாகவே யோசித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களையும் பிரித்து வைக்கிறது. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவன் 'ஈ' என்பான், ஒத்தவனிடம் கேட்பவன் 'தா' என்பான், தாழ்ந்தவனிடம் கேட்பவன் 'கொடு' என்பான் என்கிறது. உயர்வு தாழ்வு பார்க்கும் அந்தப் பிரிவினை நமக்கு வேண்டாம், இன்றைய வழக்கிலும் அது இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. குழந்தைக்குத் தர வேண்டியது அதைத்தான்.

ஆகவே வாக்கியம் இதுதான்: அழைப்பு, பொருள், கேள்வி. "பாட்டி, வர்க்கி தருகிறீர்களா?" மூன்றே சொற்கள். அம்மாவை 'நீ' என்று சொல்லும் வீடும் உண்டு, 'நீங்கள்' என்று சொல்லும் வீடும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, தண்ணீர் தருகிறாயா?" என்பதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் தெருவில் சில குழந்தைகள் வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுகிறார்கள், ஓரிருவர் கன்னடம். வீட்டு மொழியில் முதலில் பழகட்டும். தமிழில் தானாக வந்துவிடும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதிப்பது மட்டும் முக்கியம்.

ஒன்றரை வயதுக் குழந்தை கையை நீட்டிப் "பால்" என்றால் அதுவே முழு வாக்கியம். அதைத் திருத்தாதீர்கள். இரண்டு, மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கிய பிறகு இந்தப் பயிற்சிக்கு வந்தால் போதும்.

படி 2: ஒரு வாரம் நீங்கள் மட்டும் பேசுங்கள்

இந்த வாரம் குழந்தையிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் பேச்சை மட்டும் கவனியுங்கள். "அந்தக் குல்லாவை எடு", "இங்கே வா", "கதவைச் சாத்து" என்று நாள் முழுக்க நாம் பிள்ளைகளுக்குக் கட்டளைதான் இடுகிறோம். எனக்கே இது உறைத்தபோது வருத்தமாக இருந்தது. "குல்லாவை எடுத்துத் தருகிறாயா, கண்ணு?" என்று மாற்றினேன். கணவரிடமும் மாமியாரிடமும் குழந்தைகள் காதில் விழும்படி அப்படியே கேட்டேன். நான்காம் நாள் கடைக்குட்டி தன் பொம்மையிடம் "தறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

படி 3: கடை விளையாட்டு

ஒரு கூடை, நான்கு கேரட், இரண்டு உருளைக்கிழங்கு, தராசுக்குப் பதில் இரண்டு கொட்டாங்கச்சி. ஒரு குழந்தை கடைக்காரர், மற்றவர்கள் வாங்க வருகிறார்கள். "அண்ணா, ஒரு கிலோ கேரட் தருகிறீர்களா?" என்று கேட்டால் கடைக்காரர் "இந்தாருங்கள்" என்று தர வேண்டும். நடுவில் ஒருமுறை, "தீர்ந்துவிட்டது, நாளைக்கு வருகிறீர்களா?" என்றும் சொல்லச் சொல்லுங்கள். இது ஏன் என்பது ஐந்தாம் படியில் புரியும். பத்து நிமிடம் போதும்.

படி 4: நினைவூட்டுங்கள், மிரட்டாதீர்கள்

குழந்தை வெறுமனே கத்தினால் அதன் உயரத்துக்குக் குனிந்து, நீங்களே அந்த வாக்கியத்தை மெதுவாக ஒருமுறை சொல்லுங்கள். திருப்பிச் சொன்னால் உடனே கொடுங்கள். சொல்லாவிட்டாலும் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் இப்படித்தான். பிறகு முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுங்கள்: "பாட்டி..." அதன் பிறகு ஒன்றும் சொல்லாமல் முகத்தைப் பார்த்து, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். படிப்படியாக உங்கள் உதவி குறைய வேண்டும்.

விருந்தாளிகள் முன்னால் "எப்படிக் கேட்க வேண்டும்? சொல்லு, சொல்லு" என்று நிற்க வைக்காதீர்கள். அந்த நிமிடத்தில் குழந்தை கற்பது வெட்கத்தை மட்டும்தான். பசியிலும் தூக்கத்திலும் பாடம் கூடாது, முதலில் சோறு.

படி 5: "இல்லை" என்ற பதில்

எல்லாவற்றையும்விடக் கடினமான படி இதுதான். நான் இதை யோசிக்காமலே இருந்துவிட்டேன்.

ஒரு நாள் என் சின்ன மகன் பேக்கரியில், சூடான வர்க்கியின் மணத்தில் நின்றுகொண்டு, "அம்மா, இன்னொன்று வாங்கித் தருகிறாயா?" என்று அழகாகக் கேட்டான். ஏற்கெனவே இரண்டு தின்றிருந்தான். "இன்றைக்குப் போதும்" என்றேன். உதடு பிதுங்கியது. ஸ்வெட்டரின் நெஞ்சுப் பக்கம் முழுக்க வர்க்கித் தூள். "நான் நன்றாகத்தானே கேட்டேன்!" என்று அழுதான். அவன் பக்கம் நியாயம் இருந்தது. நன்றாகக் கேட்டால் கிடைக்கும் என்றுதான் இத்தனை நாளும் பழக்கியிருந்தேன்.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். முதலில் கேட்ட விதத்தை ஏற்றுக்கொள்வது: "அழகாகக் கேட்டாய், எனக்குச் சந்தோஷம்." அடுத்து தெளிவான பதில்: "இன்றைக்கு இல்லை." பிறகு எப்போது என்பது: "நாளை மாலை பாலோடு ஒன்று." அந்த நாளை மாலை வர்க்கி கட்டாயம் வந்தாக வேண்டும். மறந்தால் அத்தனை உழைப்பும் வீண். அழுதால் அழட்டும், பக்கத்திலேயே இருங்கள். அழுகைக்காகப் பதிலை மாற்றாதீர்கள். குழந்தையும் "இல்லை" சொல்லலாம். "உன் பந்தைத் தம்பிக்குத் தருகிறாயா?" என்று கேட்டுவிட்டு, மறுத்தவுடன் பிடுங்கிக் கொடுத்தால், நாம் கேட்டது கேள்வியே இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடும்.

படி 6: பணிவு தேவைப்படாத இடங்கள்

இதையும் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். வலி, ஆபத்து, அவசரமாகச் சிறுநீர், யாராவது பிடிக்காத விதத்தில் தொடுவது: இவற்றுக்கு வாக்கியம் வேண்டாம். கத்தலாம், ஓடி வரலாம், "வேண்டாம்!" என்று உரக்கச் சொல்லலாம், எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரியவரானாலும். எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டத்து ஓரம் காட்டெருமை நிற்கும், சில இரவுகளில் கரடியும் வரும். "அம்மா!" என்ற ஒரு கத்தல் போதும் என்று பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிறேன்.

படி 7: வெளியே கூட்டிப் போங்கள்

வீட்டில் வந்த வாக்கியம் வெளியாட்கள் முன்னால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் குன்னூர் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தோம். "அண்ணா, சிம்ஸ் பூங்கா வந்தால் சொல்கிறீர்களா?" என்பதை மூத்தவள் வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்தாள். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவளைத் தள்ளவில்லை. அவளுக்காக நானே கேட்டேன். அடுத்த பயணத்தில் "அண்ணா" வரை வந்தது. மூன்றாவது முறை முழுவதும் கேட்டுவிட்டாள், குரல் எஞ்சின் சத்தத்தில் பாதி கரைந்துபோனாலும். அவர் குனிந்து, "சொல்கிறேன் பாப்பா" என்றார். பூங்கா வரும்வரை அவள் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.