போட்டோவுக்குள்ள இருக்கற மெட்டாடேட்டாவை கிம்ப்ல பார்க்கறது, மாத்தறது எப்படி?

ஸ்டுடியோல எடுத்த பழைய போட்டோவைத் திருப்பிப் பார்த்தா பின்னாடி பேனால யாரு, எந்த வருஷம்னு எழுதியிருக்கும்ல, இப்ப அந்த வேலைய போனே செஞ்சிடுது, ஆனா நாம கேக்காமலே எழுதுது, எழுதினது கண்ணுக்கும் தெரியாது. போட்டோ ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருக்கற இந்த விவரத்துக்குத்தான் மெட்டாடேட்டான்னு பேரு. தேதி, நேரம், போன் மாடல், கேமராவுக்கு லொகேஷன் பர்மிஷன் கொடுத்திருந்தா எடுத்த இடமும். திறந்த வெளில போன் ஜிபிஎஸ் சுமாரா 5 மீட்டருக்குள்ள காட்டும், தெரு மட்டும் இல்ல, எந்த வீடுன்னே தெரிஞ்சிடும்.

2012 டிசம்பர்ல இது நிஜமாவே நடந்துச்சு. ஆன்டிவைரஸ் கம்பெனி ஆரம்பிச்ச ஜான் மெக்காஃபி பெலிஸ் நாட்டு போலீஸ் கண்ணுல படாம சுத்திட்டு இருந்தப்ப, கூடப் போன பத்திரிகைக்காரங்க போட்ட ஒரு போட்டோல இருந்த ஜிபிஎஸ் எண்ணை வச்சு அவர் பக்கத்து நாடான குவாத்தமாலால இருக்கறது ஊருக்கே தெரிஞ்சிடுச்சு.

சரி, வேலைக்கு வருவோம். கிம்ப் கம்ப்யூட்டர்ல போட்டோ எடிட் பண்ற இலவச சாஃப்ட்வேர், நான் 2.10 வெர்ஷனை வச்சு சொல்றேன். போன்ல எடுத்த போட்டோ ஒண்ண அப்படியே கேபிள் போட்டு காப்பி பண்ணிக்கோங்க. வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா வந்தது வேணாம், அதுல இந்த விவரமெல்லாம் போயிருக்கும். (டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே இருக்கும், இது நிறைய பேருக்குத் தெரியல.)

கிம்ப்ல திறந்ததும் மேல இமேஜ் மெனு, அதுல மெட்டாடேட்டா, அதுல வியூ மெட்டாடேட்டா. எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, ஐபிடிசின்னு மூணு டேப் வரும். எக்ஸிஃப் கேமரா தானா எழுதறது, ஐபிடிசி பத்திரிகைக்காரங்களுக்காக வந்தது, எக்ஸ்எம்பி 2001ல ஃபோட்டோஷாப் கம்பெனி அடோபி கொண்டு வந்தது. முதல்ல எக்ஸிஃப்ல ஜிபிஎஸ்இன்ஃபோன்னு (GPSInfo) வர்ற வரி இருக்கான்னு தேடுங்க. இருந்தா இடம் பதிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

மாத்தணும்னா அதே மெனுல எடிட் மெட்டாடேட்டா. ஜிபிஎஸ் டேப்ல இருக்கற எண்களை அழிச்சிடுங்க. அப்புறம் டிஸ்கிரிப்ஷன் டேப், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். எங்க வீட்டு ஆல்பத்தை ஸ்கேன் பண்ணப்ப பாட்டி பக்கத்துல உக்காந்து இது யாரு, எந்தக் கல்யாணம்னு ஒவ்வொண்ணா கேட்டு இங்கதான் டைப் பண்ணி வச்சேன், ஸ்கேனருக்கு ஸ்கேன் பண்ண தேதிதானே தெரியும், முகத்தோட பேரு பாட்டிக்குத்தான் தெரியும். தமிழ்லயே டைப் பண்ணலாம். நீங்க எடுத்த போட்டோன்னா ஆத்தர்லயும் காப்பிரைட் நோட்டீஸ்லயும் உங்க பேரைப் போடுங்க. முடிச்சதும் கீழ ரைட் மெட்டாடேட்டா அழுத்தணும், மறந்துட்டா எழுதினதெல்லாம் போச்சு.

அடுத்து ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட் ஆஸ், வேற பேர் கொடுங்க, ஒரிஜினல் மேல எழுதிடாதீங்க ப்ளீஸ். ஜேபெக் ஆப்ஷன்ஸ் வரும்போது சேவ் எக்ஸிஃப் டேட்டா, சேவ் எக்ஸ்எம்பி டேட்டா, சேவ் ஐபிடிசி டேட்டான்னு டிக் பாக்ஸ் இருக்கும். நிறைய பேர் பயந்துட்டு மூணையும் எடுத்துடறாங்க, அப்படி செஞ்சா இடத்தோட சேர்த்து எடுத்த தேதியும் உங்க பேரும் போயிடும், பத்து வருஷம் கழிச்சு இது எப்ப எடுத்ததுன்னு நீங்களே தேடுவீங்க. அதனால வீட்டுல வச்சுக்கற காப்பிக்கு மூணுமே டிக்ல இருக்கட்டும், வெளிய போடற காப்பிக்கு எக்ஸிஃப் டிக்கை மட்டும் எடுங்க, பேரு எக்ஸ்எம்பில நிக்கும். சேவ் தம்ப்நெயில் (ஃபைலுக்குள்ளயே வைக்கற குட்டிப் படம்) டிக்கையும் எடுத்துடுங்க.

கடைசியா, எக்ஸ்போர்ட் பண்ண ஃபைலை மறுபடி திறந்து வியூ மெட்டாடேட்டால எக்ஸிஃப், எக்ஸ்எம்பி ரெண்டு டேப்லயும் ஜிபிஎஸ் வரி எங்கயாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. அதைப் பார்த்துட்டு அப்புறம் போஸ்ட் பண்ணுங்க, அதுவும் வீட்டு வாசல்ல குழந்தைங்கள எடுத்த போட்டோன்னா கட்டாயம்.